கார்பன் வரி போட்டால் உமிழ்வு குறையுமா? பிரிட்டனில் நடந்ததும் இந்தியாவில் நடக்காததும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "கார்பன் வரியால் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் குறைவதில்லை என்கிறது ஓர் ஆய்வு. 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்கிறது இன்னொன்று. எதை நம்புவது? இந்தியாவிலும் நிலக்கரிக்கு டன்னுக்கு 400 ரூபாய் வாங்கினார்களே, அதனால் ஏதாவது குறைந்ததா?"

கார்பன் வரி என்றால், எரிபொருள் எரிந்து வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று போடும் வரி. இரண்டு ஆய்வையுமே நம்பலாம். அவை பேசுவது வேறு வேறு விஷயத்தை, அவ்வளவுதான்.

ஜெசிகா கிரீன் என்ற ஆய்வாளர் 2021-இல் வெளியிட்ட தொகுப்பு, அதுவரை வந்திருந்த 37 ஆய்வுகளைப் படித்துவிட்டு ஆண்டுக்கு 0 முதல் 2 சதவீதம் வரை குறைவு என்றது. 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த தொகுப்பு, உலகெங்கும் உள்ள 21 கார்பன் விலைத் திட்டங்களை (வரியாகவோ, உமிழும் உரிமத்தை வாங்கி விற்கும் சந்தையாகவோ இருப்பவை) எடுத்துக்கொண்டு 5 முதல் 21 சதவீதம் வரை குறைவு என்றது. ஆய்வுகளில் உள்ள சாய்வுகளைத் திருத்தினால் அது 4 முதல் 15 சதவீதம். முதலாவது ஆண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. இரண்டாவது, திட்டம் இல்லாமல் போயிருந்தால் இருந்திருக்கும் அளவோடு ஒப்பிட்ட மொத்தக் கணக்கு. ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் குறைந்துகொண்டே போனால் பத்து ஆண்டில் சுமார் 14 சதவீதம் ஆகிவிடும். ஆகவே இரண்டுக்கும் பெரிய சண்டை இல்லை. தலைப்பில் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் சண்டை.

ஆனால் இந்த சராசரிகளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது என் எண்ணம். 5-க்கும் 21-க்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் கவனிக்க வேண்டியது. வரி அதிகமாக இருந்த இடத்தில் அதிகமாகவும், குறைவாக இருந்த இடத்தில் குறைவாகவும் உமிழ்வு குறைந்திருந்தால் கதை எளிது. அப்படி இல்லை. சீனாவின் மாகாண அளவிலான சோதனைச் சந்தைகளில் விலை மிகக் குறைவு, விளைவு கணிசம். வேறு சில இடங்களில் விலை அதிகம், விளைவு சொற்பம். வரி எவ்வளவு என்பதைவிட, வரி கட்டுகிறவன் கையில் உடனே மாறிக்கொள்ள வேறு வழி இருக்கிறதா என்பதே பெரிதாக இருக்கிறது. இதை நன்றாகக் காட்டும் கதை பிரிட்டனின் நிலக்கரி.

அதற்கு முன் இந்த ஆய்வுகளை எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் எந்த எண்ணையும் எடைபோட முடியாது. வரி வந்த பிறகு உமிழ்வு குறைந்தது என்று சொன்னால் அது எதையும் நிரூபிக்காது. பொருளாதாரம் சரிந்திருக்கலாம், எரிவாயு மலிந்திருக்கலாம், அந்த வருடம் குளிர் குறைவாக இருந்திருக்கலாம். வரி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிய வேண்டும். அந்த நாடு இன்னொன்று கிடையாதே! அதனால் ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். வரி போடாத பல நாடுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்து, வரிக்கு முந்தைய ஆண்டுகளில் வரி போட்ட நாட்டின் உமிழ்வுக் கோட்டோடு அச்சாகப் பொருந்தும் வரை கலக்கிறார்கள். வரிக்குப் பிறகு அந்தக் கற்பனை நாட்டின் கோடு ஒரு பக்கம் போகும், உண்மை நாட்டின் கோடு இன்னொரு பக்கம் போகும். நடுவே விழும் இடைவெளிதான் வரியின் வேலை. அல்பெர்ட்டோ அபாடி என்ற பொருளியலாளரும் உடன் ஆய்வாளர்களும் இந்த முறையை முதலில் கையாண்டது பாஸ்க் பகுதியின் வன்முறையால் ஏற்பட்ட பொருளாதார இழப்பைக் கணக்கிட. பிறகு கலிபோர்னியாவின் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கு. கார்பனுக்கு வந்தது அதற்கப்புறம்.

ஸ்வீடனுக்கு இதைச் செய்தவர் ஜூலியஸ் ஆண்டர்சன். ஸ்வீடன் 1991-லேயே கார்பன் வரி போட்ட நாடு. டென்மார்க், பெல்ஜியம், நியூசிலாந்து ஆகியவற்றுக்குப் பெரும் எடை கொடுத்து ஒரு கற்பனை ஸ்வீடனைக் கட்டி, உண்மை ஸ்வீடனின் போக்குவரத்து உமிழ்வு ஒரு சராசரி ஆண்டில் அதைவிட சுமார் 11 சதவீதம் கீழே இருந்தது என்று கண்டார். அதே சமயத்தில் பெட்ரோலுக்கு மதிப்புக்கூட்டு வரியும் வந்திருந்தது. அதைப் பிரித்துவிட்டால் கார்பன் வரிக்கு மட்டும் சேர வேண்டியது 6 சதவீதம். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு: சந்தையில் பெட்ரோல் விலை ஒரு குரோனா ஏறினால் மக்கள் குறைத்துக்கொள்வதைப் போல மூன்று மடங்கு, அதே ஒரு குரோனா வரியாக ஏறும்போது குறைத்துக்கொள்கிறார்கள். சந்தை விலை நாளை இறங்கலாம், வரி இறங்காது என்று நினைத்து மக்கள் வண்டியையே மாற்றுகிறார்கள் போலும்.

சரி, பிரிட்டன்.

2012-இல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2016-இல் அது 9 சதவீதம். 2017 ஏப்ரல் 21 அன்று ஒரு முழு நாள் நிலக்கரி இல்லாமல் நாடு ஓடியது. 1882-இல் லண்டன் ஹால்போர்ன் வையடக்டில் எடிசனின் மின்நிலையம் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. 2024 செப்டம்பர் 30-இல் ராட்கிளிஃப் நிலையம் அணைக்கப்பட்டதோடு 142 ஆண்டுக் கதை முடிந்தது. பெரிய தொழில் நாடு ஒன்றில் இவ்வளவு வேகமாக நிலக்கரி போனதற்கு முன்னுதாரணம் இல்லை.

நடுவில் என்ன நடந்தது? ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் சந்தை 2005-லிருந்தே இருந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு உரிமங்கள் மிதமிஞ்சிப்போய், 2013-இல் ஒரு டன் விலை 5 யூரோவுக்கும் கீழே விழுந்துவிட்டது. அந்த விலைக்கு எந்த மின்நிலைய அதிகாரியும் எதையும் மாற்றமாட்டார். பிரிட்டன் தன் பங்குக்கு மேலே ஒரு வரியைச் சேர்த்தது. 2013 ஏப்ரலில் டன்னுக்கு சுமார் 5 பவுண்டு, மறு ஆண்டு 9.55, 2015 ஏப்ரலில் 18. அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

18 பவுண்டு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் சுமார் 900 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். நவீன எரிவாயு நிலையத்தில் 370 கிராம். அதாவது நிலக்கரி யூனிட்டுக்கு 1.6 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு) வரி, எரிவாயு யூனிட்டுக்கு 0.7 பென்ஸ். வித்தியாசம் ஒரு பென்னிக்கும் கொஞ்சம் குறைவு. அப்போது மொத்த விற்பனைச் சந்தையில் மின்சாரம் யூனிட்டுக்கு நாலைந்து பென்ஸ்தான். பிரிட்டன் சந்தையில் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் யார் மலிவோ அவர் ஓடுவார், மற்றவர் நிற்பார். அந்த ஒரு பென்னி, வரிசையில் முன்னால் நின்ற நிலக்கரியைப் பின்னால் தள்ளியது. அதே வேளையில் எரிவாயு விலையும் இறங்கியது. எரிவாயுவின் பங்கு 2012-இல் 28 சதவீதமாக இருந்தது, 2016-இல் 42 ஆனது.

புதிதாக ஓர் எரிவாயு நிலையம்கூட இதற்காகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. மின்துறை தனியார்மயமாகி, வட கடல் எரிவாயு கொட்டிக் கிடந்த 1990-களில் கட்டிய நிலையங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. 2012-இல் அவற்றில் பல பாதி நேரம் சும்மா இருந்தன. காரணம், அமெரிக்காவில் பாறைகளிலிருந்து எடுக்கும் மலிவான ஷேல் எரிவாயு வந்து அங்கே வேண்டாமென்று ஆன நிலக்கரி ஐரோப்பாவுக்கு மலிவாக வந்து இறங்கியது. ஆக, மாற்று ரெடியாக இருந்தது, குழாய் போட்டிருந்தது, ஆள் இருந்தார்கள். வரி செய்தது, எதை ஓட்டுவது என்ற வரிசையை மாற்றியது மட்டும்.

இந்த வரியை அளந்தவர் மரியோன் லெருத்தியே. மற்ற ஐரோப்பிய நாடுகளைக் கலந்து கற்பனை பிரிட்டனைக் கட்டினார். அந்த நாடுகளும் ஐரோப்பியச் சந்தைக்குள் இருந்தவை என்பதால், கூடுதலாகப் போட்ட வரியின் விளைவு மட்டும் தனியே தெரியும். 2013 முதல் 2017 வரை ஒரு சராசரி ஆண்டில், கற்பனை பிரிட்டனைவிட 26 சதவீதம் மின்துறை உமிழ்வு குறைவு என்று வந்தது. நீங்கள் படித்த "20 சதவீதத்துக்கு மேல்" அநேகமாக இதுதான்.

இங்கே ஒரு நல்ல சந்தேகம் எழும், எழ வேண்டும். 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் பெரிய அனல் மின்நிலையங்களுக்குக் கந்தகம், நைட்ரஜன் புகைக்கான விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கான கருவிகளைப் பொருத்த மாட்டேன் என்ற நிலையங்களுக்கு 2008-லிருந்து 20,000 மணி நேரம் மட்டும் ஓட அனுமதி, எப்படியும் 2015 முடிவுக்குள் மூடிவிட வேண்டும். கிங்ஸ்நார்த் 2012 டிசம்பரில் மூடியது, டிட்காட்டின் நிலக்கரி நிலையமும் காக்கென்சியும் 2013 மார்ச்சில். அதாவது கார்பன் வரி வருவதற்கு முந்தைய மாதம்! இவர்களெல்லாம் வரி வருவதற்குள் மிச்ச மணி நேரத்தைத் தீர்த்துவிட வேகமாக ஓட்டினார்கள். அதனால் 2012-இன் நிலக்கரி அளவே ஊதிப் பெருத்தது. 2012-லிருந்து கோடு வரைகிறவர்கள் வரிக்குச் சேராத புகழையும் அதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். அரசாங்கங்களின் அறிக்கைகளில் தொடக்க ஆண்டு எப்போதும் வசதியான ஆண்டாகவே அமைவது தற்செயல் இல்லை. லெருத்தியே இதைக் கணக்கில் எடுத்திருக்கிறார். மற்ற பிரிட்டிஷ் கொள்கைகளுக்கு எவ்வளவு பங்கு கொடுத்தாலும், குறைவில் 80 சதவீதமாவது கார்பன் வரியால்தான் என்பது அவர் முடிவு. புகை விதியால் ஏற்கெனவே ஆபத்தில் இருந்த நிலையங்கள், கற்பனை பிரிட்டனில் மூடியிருக்கக்கூடியதைவிட அதிகமாக உண்மை பிரிட்டனில் மூடின என்றும் காட்டுகிறார். இரண்டு கொள்கைகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்திருக்கின்றன.

இதே விஷயம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. 2024 ஆகஸ்டில் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு 41 நாடுகளில் 1998 முதல் 2022 வரை வந்த 1,500 காலநிலைக் கொள்கைகளை அலசியது. உமிழ்வுக் கோடு திடீரென்று உடைந்து கீழே இறங்கிய இடங்களைக் கணினி முதலில் கண்டுபிடிக்கும், பிறகு அங்கே என்ன கொள்கை வந்தது என்று பார்ப்பார்கள். தேறியவை 63. பெரும்பாலும் கலவைகள்: வரி, விதி, மானியம் சேர்ந்து வந்தவை. மெதுவாகப் பலன் தரும் கொள்கைகள் இந்த வலையில் சிக்காது என்பதால், 1,500-இல் 63 மட்டுமே உருப்பட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. கார்பன் விலை தனியாகவே வேலை செய்யக்கூடிய இடம் எது என்றால், லாபக் கணக்குப் பார்த்து நடக்கும் துறைகள் என்பதும் அதில் தெரிகிறது.

பிரிட்டன் கதையில் கறைகளும் உண்டு. வரி மின்சாரத்தை விலை ஏற்றியதால், கடலடிக் கேபிள் வழியாக அண்டை நாடுகளிலிருந்து இறக்குமதி கூடியது. அங்கே எரிந்தது பிரிட்டன் கணக்கில் வராது. இன்னொன்று ட்ராக்ஸ். நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி நிலையமாக இருந்தது, மரத்துண்டுகளுக்கு மாறியது. பெரும்பாலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து கப்பலில் வரும் மரம். மரத்தை வெட்டிய நாட்டின் நிலக் கணக்கில் அந்த உமிழ்வைச் சேர்க்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதனால் யார்க்‌ஷயரில் புகைபோக்கி வழியே போவதற்கு மின்துறைக் கணக்கில் பூஜ்யம். இதைச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இந்த இரண்டையும் முழுசாகக் கழித்தாலும் நிலக்கரி போனது போனதுதான்.

அந்த வரி நிலைத்ததற்குக் காரணம் அது கண்ணில் படாததும்கூட. மின்நிலையங்கள் கட்டின, பில்லில் தனி வரியாக அது தெரியவில்லை. பிரான்சில் பெட்ரோல் பங்கில் தெரிந்தது, 2018 நவம்பரில் மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் கொண்டுவந்ததை 2014 ஜூலையில் எடுத்தது. கனடாவில் வசூலித்த பணத்தில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தும், நுகர்வோர் கட்டிய கார்பன் கட்டணம் 2025 ஏப்ரல் 1-இல் முடிவுக்கு வந்தது. 2008-லிருந்து வரி வைத்திருந்த பிரிட்டிஷ் கொலம்பியாவும் அதே நாளில் கைவிட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி.

இந்தியா 2010-இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டது. 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400. பெயர் முதலில் தூய ஆற்றல் செஸ், பிறகு தூய சுற்றுச்சூழல் செஸ். இதைக் கார்பன் விலையாக மாற்றினால், ஒரு டன் இந்திய நிலக்கரி எரிந்தால் தோராயமாக ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு வரும் என்று வைத்துக்கொண்டால், டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 270 ரூபாய் அளவு. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி போகும், ஆக யூனிட்டுக்கு 28 காசு. பிரிட்டனின் 1.6 பென்ஸ் அன்றைய மதிப்பில் ஒன்றரை ரூபாய்.

தொகை சிறியது என்பது உண்மை. ஆனால் 28 காசுக்குப் பதில் ஒன்றரை ரூபாய் போட்டிருந்தாலும் பிரிட்டன் மாதிரி நடந்திருக்காது. ஊருக்கு ஒரே சாலை இருக்கும்போது அதில் சுங்கச்சாவடி வைத்தால் வண்டிகள் காசு கட்டிவிட்டு அதே சாலையில் போகும், அது மாதிரிதான். இந்தியாவிலும் அந்த ஆண்டுகளில் சுமார் 25,000 மெகாவாட் எரிவாயு நிலையங்கள் இருந்தன, பெரும்பாலும் சும்மாதான் இருந்தன. உள்நாட்டு எரிவாயு போதவில்லை, இறக்குமதி திரவ எரிவாயுவின் விலைக்கும் நிலக்கரிக்கும் உள்ள தூரத்தை 28 காசு கடக்காது. மின்சாரமும் பிரிட்டன் மாதிரி சந்தையில் விற்பது குறைவு. பெரும்பகுதி 25 ஆண்டு ஒப்பந்தங்களில் போகிறது. எரிபொருள் செலவு கூடினால் அதை அப்படியே வாங்குகிறவர் தலையில் வைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். மின்வாரியம் கட்டும், பிறகு நுகர்வோர் கட்டுவார், அல்லது வாரியத்தின் கடனில் சேரும். நிலையம் நடத்துகிறவருக்கு ஒரு டன் குறைத்து எரிக்க எந்தத் தூண்டுதலும் இல்லை. எந்த நிலையத்தை முதலில் ஓட்டுவது என்று மாநிலங்கள் எரிபொருள் செலவை வைத்து வரிசை போடுகின்றன. ஆனால் எல்லா நிலக்கரி நிலையத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறினால் வரிசை அசையாது.

அப்படியானால் அந்தப் பணமாவது மாற்றை உருவாக்கியதா? வசூலைக்கொண்டு தேசியத் தூய ஆற்றல் நிதியம் ஒன்றை நிரப்புவதாகத் திட்டம். 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். நிதியத்துக்குப் போனது 30,000 கோடிக்கும் கொஞ்சம் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது அதிலும் பாதியளவு. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக உருமாறியது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். டன்னுக்கு இவ்வளவு என்றிருந்தது விலையில் இத்தனை சதவீதம் என்று ஆனதால், மலிவான தரத்து நிலக்கரியின் மீது வரிச்சுமை குறைந்துவிட்டது. சூரிய மின்சாரம் 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் யூனிட் 2.44 ரூபாய்க்கு வந்தது, அதற்குக் காரணம் சூரியத் தகடுகளின் விலை உலகம் முழுவதும் சரிந்தது. அந்தப் பெருமையில் செஸ்ஸுக்குப் பெரிய பங்கு கேட்க முடியாது.

அடுத்து வருவது கார்பன் சந்தை. 2022-இல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023-இல் கார்பன் கிரெடிட் (இலக்கைவிடக் குறைவாக உமிழ்ந்தால் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) வர்த்தகத் திட்டத்தை அறிவித்தார்கள். சிமென்ட், அலுமினியம், எஃகு, உரம், காகிதம், ஜவுளி, சுத்திகரிப்பு ஆலைகள் உட்பட ஒன்பது துறைகள். மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு கிடையாது, ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு என்ற இலக்குதான். உற்பத்தி இரட்டிப்பானால் இலக்கை எட்டியும் மொத்த உமிழ்வு கூடும். நாட்டிலேயே அதிகம் உமிழும் மின்துறை அந்த ஒன்பதில் இல்லை.

பிரிட்டன் பாடத்தை வைத்துப் பார்த்தால், இந்த ஒன்பதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சிமென்ட்டில் உமிழ்வின் பெரும்பாதி எரிபொருளிலிருந்து வருவதே இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஆக்கும்போது கல்லிலிருந்தே வெளியேறுகிறது. கிளிங்கரைக் குறைத்து அனல் மின்நிலையச் சாம்பலையோ எஃகு ஆலைக் கசடையோ கலந்தால் உடனே குறையும். சாம்பல் கலந்த சிமென்ட்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தர விதி அனுமதிக்கிறது, ஆலைகளுக்கு அது பழகிய வேலையும்கூட. இங்கே சிறிய விலைகூட ஆளை அசைக்கும். எஃகில் அப்படி இல்லை: நிலக்கரியில் ஓடும் ஊது உலையை நிறுத்திவிட்டுப் போக இன்று வேறு இடமில்லை, பழைய இரும்பு போதிய அளவில் கிடைக்கவில்லை, நிலக்கரிக்குப் பதிலாகப் பயன்படக்கூடிய ஹைட்ரஜனின் விலை எட்டாத இடத்தில் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து "இந்தியக் கார்பன் சந்தை இத்தனை சதவீதம் குறைத்தது" என்று ஒரே எண்ணோடு யாராவது ஆய்வு வெளியிட்டால், சிமென்ட்டைத் தனியாகவும் எஃகைத் தனியாகவும் காட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தொடக்க ஆண்டு எது என்று அடுத்துப் பாருங்கள்.